தரங்கம்பாடிக்கு ஒருநாள் போய்வந்தவர்கள் எழுதுங்கள்

கடைமடையான்

மயிலாடுதுறையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், மதியத்துக்குள் திரும்பிவிடும் எண்ணத்தோடு சென்ற மாதம் போனேன். டென்மார்க்கின் டேனியர்கள் கட்டிய கோட்டையைப் பற்றி எல்லோரும் அறிவீர்கள், அதை விட்டுவிடுகிறேன். என் மனத்தை அரிப்பது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று படித்திருந்தேன். படம் எடுப்பதற்காகக் கடலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபோது, அருகில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, நீங்க கோயிலுக்கு உள்ளதான் நிக்கிறீங்க, வாசல் அங்க இருக்கு" என்று அலையைக் காட்டினார். நான் செருப்போடு நின்றிருந்தேன். சட்டென்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மேற்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பேருந்தைப் பிடிக்க ஓடிவந்தது இன்றும் உறுத்துகிறது.

தமிழாசிரியை

மதியத்துக்குள் திரும்பலாம் என்பதை நான் ஏற்கவில்லை. ராஜ வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் பூட்டியிருந்ததால் நெடுநேரம் காத்திருந்தோம். காத்திருந்ததால்தான் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறையைக் காண முடிந்தது. 1706-இல் வந்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டவர் அவர் என்று ஆறு வயது மகளுக்குச் சொன்னேன். அவள் கல்லின் விளிம்பைத் தடவியபடி, "அவரும் என்ன மாதிரி ‘ழ’வைத் தப்பாத்தான் சொல்லியிருப்பாராம்மா?" என்று கேட்டாள். நாள்தோறும் அவளை அதற்காகத் திருத்திக்கொண்டிருந்த நான், அன்று முதல் திருத்துவதில்லை.

பழைய ரயிலடி

இருவருமே 1986-இல் நிறுத்தப்படும்வரை இவ்வூருக்கு ஓடிய ரயிலை நினைக்கவில்லை. நினைவு மங்கிவரும் என் தந்தையார், பேருந்து திருக்கடையூரைத் தாண்டியதும் சட்டைப்பையைத் தடவி, "ரயில் டிக்கெட்டக் காணோமே" என்று பதறினார். பேருந்துச் சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிய பிறகே அமைதியானார்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெயில் ஏறுமுன் 1792-ஆம் ஆண்டின் நகர வாயிலிலிருந்து தொடங்குங்கள். ராஜ வீதியில் கிழக்கே நடந்து, 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயத்தையும், ஆசிரியை குறிப்பிட்ட ஆலயத்தையும் பார்த்த பிறகு கோட்டைக்குச் செல்லுங்கள். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று வந்திறங்கிய டேனியர்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை ஆண்ட ஊர் எவ்வளவு சிறியது என்பது நடந்தால்தான் புலப்படும். வண்டியிலேயே கோட்டை வாசலில் இறங்குகிறவர்கள் பாதி ஊரைத் தவறவிடுகிறார்கள். தண்ணீரும் குடையும் கட்டாயம் வேண்டும். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளா என்பதைப் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாசிலாமணிநாதர் கோயிலைக் கடைசியாக, மாலையில் பாருங்கள். கடல் சீறும் நாளில் கரைப் பாறைகளில் ஏற வேண்டாம்.

கடைமடையான்

வாயிலிலிருந்து தொடங்கச் சொன்னது சரியே. ஆனால் கோயிலைக் கடைசியில் வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். வருகிற ஞாயிறு முதல் பேருந்தில் போய் நேரே அங்கேதான் நிற்கப்போகிறேன். வெயில் ஏறிவிட்டால் வலை சிக்கெடுப்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.