மேல்மரபியலா, மேற்புள்ளியா?

ஐயா, வணக்கம்.

எபிஜெனெடிக்ஸுக்கு நீங்கள் சொன்ன 'மேல்மரபியல்' என்ற சொல்லை வைத்தே, நோயாளிகளுக்கான மார்பகப் புற்றுநோய்க் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். மரபணுவின் எழுத்து மாறாமலே அது இயங்குவதும் அடங்குவதும் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் துறை இது. எபிஜெனெடிக்ஸ் 1942இல் உயிரியலாளர் வாடிங்டன் இட்ட பெயர். 'எபி' என்றால் மேலே. அந்த வகையில் சரிதான். ஆனால் "உடல் பருமனும் உணவும் மார்பகப் புற்றுநோயில் மேல்மரபு மாற்றங்களோடு தொடர்புடையவை" என்று சித்தியிடம் வாசித்தேன். "அப்ப இது பரம்பரையா வர்றதா? எங்கம்மாவுக்கு இல்லையே" என்றார். கட்டுரை சொல்ல வந்ததே வேறு!

டி.என்.ஏ.வில் எழுத்து எதுவும் மாறுவதில்லை. சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்படி நிறைய ஒட்டினால் அது வாயடைத்துப் போகிறது. பரம்பரைப் பிழையே இல்லாத சில மார்பகக் கட்டிகளில், புற்றுநோயைத் தடுக்க வேண்டிய பிஆர்சிஏ1 மரபணு அடங்கிக் கிடப்பது இப்படித்தான். அந்த மெத்திலுக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். அது கீரையிலும் பயறிலும் கிடைக்கிறது. 2003இல் வாட்டர்லேண்ட், ஜர்ட்ல் என்ற ஆய்வாளர்கள் கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலமும் பி12உம் கோலினும் சேர்த்துக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில் பிறந்து கொழுக்க வேண்டிய குட்டிகளில் பல, அந்த நிறத்துக்கான மரபணுவில் மெத்தில் ஏறி அது அடங்கியதால், பழுப்பாகப் பிறந்தன. (கீரை தின்றால் கட்டி வராது என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.)

என் யோசனை இது. க-வின் மேல் புள்ளி வைத்தால் க். எழுத்து அதேதான், அகரம்தான் ஒலிப்பதில்லை. மெத்தில் செய்வதும் அதுவே. ஆகவே 'மேற்புள்ளி'. துறைக்குப் பெயர் வைக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். 'மேற்புள்ளியியல்' என்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் மேற்படிப்பு என்பார்கள்!

---

அம்மா, வணக்கம்.

புள்ளி உவமை பிடித்திருக்கிறது. ஆனால் அது பாதிதான். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தில் அசெட்டில் என்ற வேறொரு ஒட்டு ஏறினால் மரபணு அடங்காது, திறந்துகொள்ளும். அதையும் புள்ளி என்பீர்களா? அது கொம்பு, கால் மாதிரி. மெத்திலுக்கு மேற்புள்ளி, எல்லாவற்றுக்கும் பொதுவாக 'மேற்குறி' என்று வைத்துக்கொள்ளலாமே. 'மேற்குறித்த' என்பதோடு கொஞ்சம் இடிக்கும், பரவாயில்லை.

பருமன் பகுதியில் ஒன்று சேருங்கள். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி, சில மார்பகக் கட்டிகளை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அது மேற்குறிக் கணக்கில் வராத தனி வழி. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

மேல்மரபியல் பாடநூலில் இருக்கட்டும், நோயாளி படிக்கும் தாளில் வேண்டாம். 'மேற்குறி மாற்றங்கள்' என்று மாற்றிச் சித்தியிடம் இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.