டீச்சர் ஆச்சி சொல்லிக்கொடுத்த விதம்

பேத்தி, காரைக்குடி:
அப்பத்தாவின் தலைத்திவசம் நெருங்குகிறது. ஊருக்கு அவர் டீச்சர் ஆச்சி, எங்களுக்கு அப்பத்தா. யார் யார் குட்டு வாங்கினோம் என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம். எதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதை மட்டும் இங்கே செய்முறையோடு எழுதுங்கள், ஒரு நோட்டில் சேர்க்கப்போகிறேன்.

முதலில் மணல் தட்டு. விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுதவைப்பது சாமிக்காக. மறுநாளிலிருந்து மணல்தான். ஆற்று மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, தாம்பாளத்தில் அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்புவார். அதற்கு மேல் போனால் கோட்டின் இரண்டு கரையும் சரிந்து எழுத்து மூடிக்கொள்ளும். ஈரம் இருந்தால் விரலோடு கட்டியாக வரும். எழுதவைக்கும் முதல் எழுத்து 'அ' இல்லை, 'ட'. அப்புறம் ப, ம. 'அ'வில் சுழி, வளைவு, படுத்த கோடு, நிமிர்ந்த கோடு நான்கும் இருக்கின்றன. ஐந்து வயதுக் கைக்கு அது பெரிய மலை. நேர்கோடு பழகிய கைக்குத்தான் சுழி வரும் என்பது அவர் கணக்கு.

பழைய மாணவர், தேவகோட்டை:
ண, ன, ந மூன்றையும் எழுதாவிட்டால் இந்த நோட்டு முழுமையாகாது. "மூணு சுழி, ரெண்டு சுழி" என்றால் டீச்சருக்குப் பிடிக்காது. சுழியை எண்ணினால் உருவம் தெரியும், எங்கே போடுவது என்று தெரியாதே. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்றுதான் சொல்லவைப்பார். பெயரிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண்: வண்டி, நண்டு. த-வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. ற-வுக்கு முன்னால் ன்: கன்று, தென்றல்.

'வன்டி' என்று எழுதினால் சிவப்பு மையில் அடிக்கமாட்டார். "வண்... சொல்லு, நாக்கை அங்கேயே நிறுத்து" என்பார். நாக்கு மடிந்து நிற்கும் அதே இடத்திலிருந்து 'டி' தானாகப் புறப்படும். 'பந்' என்று நிறுத்தினால் நாக்கு பல்லில் இருக்கும், அங்கிருந்து 'து' வரும். பிழை கையில் இல்லை, வாயில்தான் என்று கண்டுபிடித்து அங்கே திருத்துவார். அவர் பாடம் முழுவதுமே இப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

'வாளப்பளம்' நம் பக்கத்து வியாதி. அதற்கும் நாக்கையே பிடிப்பார். ல-வுக்கு நுனி மேல்பல்லின் அடியில் ஒட்டும். ள-வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடியும், ஆனால் தொடாது. தொட்டுவிட்டால் அது ள.

'முயற்ச்சி' எழுதுகிறவர்களுக்கு ஒரே வரி: ற்-க்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து உட்காராது. ட்-க்கும் அதேதான், 'காட்ச்சி' கிடையாது.

கோட்டையூரிலிருந்து:
1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. பெரியார் தம் இதழில் 1935லேயே இப்படி அச்சிடத் தொடங்கிவிட்டார், அரசு வர 43 வருடம் ஆனது. டீச்சர் ஓர் அட்டையில் பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று எழுதி மாட்டினார். சின்ன வகுப்புக்குப் புதியது மட்டும் போதும், நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு இரண்டும் வேண்டும் என்றார். காரணம் நம் வீடுகள்தான். முகப்பில் சுதையில் பொறித்த பெயர், பழைய கல்யாணப் பத்திரிகை, வட்டிக்கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைவு வைத்த பழைய 'லை'தானே இருக்கிறது. சொந்த வீட்டின் பெயரைப் படிக்கத் தெரியாத பிள்ளை வளரக் கூடாதே.

முதல் செட் மாணவர், புதுவயல்:
கணக்கை விட்டுவிட்டீர்கள். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 பைசா. நாலணா 25, எட்டணா 50, அதில் வம்பில்லை. ஓரணாதான் சிக்கல், அது ஆறேகால் பைசா. கடையில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று முழுதாக்கினார்கள். ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நான்கு தடவை வாங்கினால் 24 பைசா, சேர்த்து வாங்கினால் 25. அந்த ஒரு பைசா எங்கே போனது என்று கேட்டு ஒரு வாரம் பாடம் நடத்தினார்.

பின்னத்துக்கு அவர் வாய்ப்பாடு: அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். வீசமும் மாகாணியும் ஒன்றே. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயரைப் பிரித்தால் கணக்கு வந்துவிடும்.

மாணவி, பள்ளத்தூர்:
அளவைப் பாடம் வீட்டு இரண்டாங்கட்டில் வெள்ளைப் பணியாரமாக நடக்கும். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். டம்ளரில் நிற்கிற வரைக்கும்தான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய்போல் ஆட்ட வேண்டும். உப்பு, அரை ஸ்பூன் சீனி, கரண்டியில் விழுகிற பதத்துக்குக் கொஞ்சம் பால். புளிக்கவிடக் கூடாது, உடனே சுட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி மாவுதான். மேலெழுந்து வந்ததும் சூடான எண்ணெயை அதன் தலையில் அள்ளிவிட்டுத் திருப்பி, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் தட்டையாக, விறைப்பாக வரும். மாவு காத்திருந்தால் எண்ணெயும் குடிக்கும், நிறமும் போகும். கெட்டுப்போனதைத் தட்டில் வைத்து, "எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்ட பிறகுதான் அடுத்தது ஊற்றுவார்.

மருமகள், கண்டனூர்:
மேலே உள்ள அளவில் ஒரு திருத்தம். டம்ளர் அகலவாயாக இருந்தால் கோபுரம் அதிகம் நிற்கும், உளுந்து கூடிவிடும். அதனால் அத்தை குறுகலான வாய் உள்ள டம்ளர் ஒன்றைத் தனியாகவே வைத்திருந்தார்.

கானாடுகாத்தானிலிருந்து:
கரும்பலகை வெளுத்தால் கோவை இலையைக் கசக்கி, பொடித்த அடுப்புக்கரியோடு சேர்த்துத் துணியில் தேய்ப்பார். சனிக்கிழமை பூசினால் திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும். சாறு கூடிப்போனால் பலகை மினுக்கும், சாக்பீஸ் வழுக்கும். சாக்பீஸ் கிறீச்சிட்டால் இரண்டாக உடைத்துச் சாய்த்துப் பிடிப்பார். முழுக்குச்சி நீளத்தால் அதிரும், அதனால்தான் அந்தச் சத்தம்.

பேத்தி, காரைக்குடி:
அத்தனையும் நோட்டில் ஏறிவிட்டது. அவருடைய பாடக்குறிப்பு நோட்டுகள் தகரப் பெட்டியில் இருந்தன, ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. வெயிலில் காயப்போட்டால் மை வெளுக்கும் என்பதால் பட்டாலைக் கூடத்து நிழலில் பக்கம் பக்கமாக விரித்து ஆற்றியிருக்கிறேன். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவில்லை. அது மஞ்சளாகி, பசை எழுத்தின் மேலேயே இறங்கிவிடும்.

வகுப்புப் படங்கள் வைத்திருப்பவர்கள் லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. பின்புறம் பால்பாயிண்டில் எழுதினாலும் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால் வருடம், வகுப்பு, வரிசை, இடமிருந்து வலமாகப் பெயர்கள் என்று குறித்துக் கொண்டுவாருங்கள். நாற்காலியில் இருப்பவர் அப்பத்தாதான், அங்கே பெயர் எழுத வேண்டாம். பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கிறவர்களைத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.