கரண்ட் போய் வந்த பிறகு பில்லிங் சொஃப்ற்வெயர் தன்னைத்தானே சோதிக்கிறது எப்பிடி?

பனங்கொட்டை:
வணக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக் கடைகளின்ர பில்லிங். சுன்னாகம், காரைநகர், நெடுந்தீவு எண்டு கிளைகள். ஒவ்வொண்டிலயும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, உள்ளுக்க எஸ்கியூலைட் (ஒரே கோப்பில இருக்கிற டேற்றாபேஸ்). இரவில யாழ்ப்பாணத்துச் சேவருக்குக் கணக்கு ஏறும். கரண்ட் போய் வந்தால் சிலநேரம் அரைகுறையா எழும்புது. கடையில நிக்கிற ஆக்கள் போனில "வேலை செய்யுதில்லை" எண்டு மட்டும்தான் சொல்லுவினம். நெடுந்தீவுக்கு எண்டால் குறிகட்டுவானில போட் ஏறித்தான் போய்ப் பார்க்கவேணும். தொடங்கேக்க என்னென்ன சோதிக்கிறது? பிழைச்சால் தானா றீஸ்ராட் ஆக விடலாமோ? இப்ப சிஸ்டம்டியில (லினக்ஸில சேவைகளைத் தொடக்கி நடத்திறது) றீஸ்ராட்=ஆல்வேஸ், அதாவது எப்ப விழுந்தாலும் திரும்ப எழுப்பு எண்டு போட்டிருக்கு.

கீரிமலை_லினக்ஸ்:
முதல்ல மணிக்கூட்டைப் பாருங்கோ, ஒருத்தரும் அதைப் பார்க்கிறேல்லை. மணிக்கூட்டை ஓட்டுற சிஆர்2032 பற்றரி செத்தால் திகதி பழைய வருஷத்துக்குப் போகும். சேவரோட பாதுகாப்பாப் பேச வேண்டிய ரீஎல்எஸ் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டு கணக்கு ஏறாமல் நிக்கும், எல்லாரும் றூட்டரைத் திட்டுவினம். சிஸ்டம்டி-ரைம்சிங்டி (இன்ரநெற்றில நேரம் எடுத்து மணிக்கூட்டைத் திருத்திற சேவை) இருந்தால் இன்னும் நுணுக்கமான சிக்கல்: கடைசியாச் சேமிச்ச நேரத்தில இருந்து மணிக்கூட்டை ஓடவிடும். பார்த்தால் சரி மாதிரி இருக்கும், ஆனால் கரண்ட் இல்லாத அவ்வளவு மணித்தியாலமும் பின்னுக்கு. ஆனபடியால் கடைசி பில்லின்ர நேரத்தோட ஒப்பிடுறது மட்டும் காணாது. என்ரிபி ஒத்திசைவு (இன்ரநெற் நேரத்தோட பொருத்திறது) கிடைக்கேல்லை எண்டால் நேரத்தைத் திரையில காட்டி, காசாளர் "சரி" எண்ட பிறகுதான் முதல் பில் போட விடுங்கோ.

அடுத்தது டிஸ்க். மிச்ச இடம் பார்க்கிறது சோதனை இல்லை. ஒரு சின்னக் கோப்பை எழுதி, எஃப்சிங் செய்து (உண்மையா டிஸ்க்குக்குப் போகப் பண்ணி), திருப்பி வாசியுங்கோ. ஃபைல்சிஸ்டம் பிழையில வாசிக்க மட்டும் எண்டு மாறினாலும் மிச்ச இடம் காட்டுற டிஎஃப் கட்டளை நிறைய இடம் இருக்கெண்டுதான் சொல்லும்.

டேற்றாபேஸுக்கு ஒவ்வொருமுறை தொடங்கேக்கயும் குவிக்_செக் (எஸ்கியூலைட்டின்ர விரைவுச் சோதனை). முழு இன்ரெக்ரிற்றி_செக் கடை பூட்டின பிறகு ஓடட்டும், அது இன்டெக்ஸையும் அட்டவணையோட ஒத்துப் பார்க்கிறதால பெரிய கோப்பில நேரம் எடுக்கும். ஃபொறின் கீ (ஒரு அட்டவணை இன்னொண்டைச் சுட்டுற இணைப்பு) பிழையள் அதுக்குள்ள வராது, ஃபொறின்_கீ_செக் புறம்பா வேணும். இதெல்லாம் கோப்பு உடைஞ்சிருக்கோ எண்டு மட்டும்தான் பார்க்கும். கணக்கு சரியோ எண்டது உங்கட வேலை: வரியளின்ர கூட்டுத்தொகை பில் தொகையோட பொருந்துதோ, பில் இலக்கத்தில இடைவெளி இருக்கோ எண்டு நீங்களே எழுதவேணும்.

ஒற்றைப்பனை:
றீஸ்ராட் பற்றி. றீஸ்ராட் செய்தால் சுகமாகிற பிழைக்கு மட்டும் றீஸ்ராட். கோப்பு உடைஞ்சால் ஆயிரம் தரம் எழுப்பினாலும் அதே கதைதான். "உயிரோட இருக்கோ", "பில் போடத் தயாரோ" எண்ட ரெண்டு கேள்வியையும் பிரிச்சு வையுங்கோ. முதலாவதுக்கு மட்டும்தான் றீஸ்ராட். அதுக்குள்ள இன்ரநெற் சோதனையைப் போட்டால் லைன் போற நேரமெல்லாம் நல்லா ஓடுற கடையும் விழுந்தெழும்பும்.

சிஸ்டம்டியில வாட்ச்டாக்செக் (இத்தனை செக்கனுக்குள்ள சமிக்ஞை வராட்டி இறுகிட்டுதெண்டு எடுக்கிற அமைப்பு) 30 எண்டு போட்டால் 15 செக்கனுக்கு ஒருக்கா சமிக்ஞை அனுப்புங்கோ. அதைத் தனி ரைமர் திறெட்டில (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற இழை) வைக்கிறதுதான் வழமையான பிழை: பில் போடுற திறெட் இறுகி நிக்கும், ரைமர் "நான் சுகம்" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். பிரதான லூப் கடைசியா எப்ப நகர்ந்தது எண்டு பார்த்து அனுப்பவேணும்.

உங்கட ஆல்வேஸ் இருக்கே, அதுக்கு இயல்பான எல்லை 10 செக்கனுக்குள்ள 5 தரம், பிறகு கைவிட்டிடும். றீஸ்ராட்செக்கை (திரும்ப எழுப்ப முதல் காத்திருக்கிற செக்கன்) 5 ஆக்கினால் அந்த எல்லையைத் தொடவே தொடாது, விடிய விடிய சுத்தும். ஸ்ராட்லிமிற்இன்ரவல்செக்கை (அந்த 10 செக்கன் எல்லை) 300 ஆக்கினால் ஐஞ்சாம் தரத்தோட நிக்கும், அங்க பிழைத் திரையைக் காட்டலாம்.

கீரிமலை_லினக்ஸ்:
அந்தத் திரையில இங்கிலீஷ் ஸ்ராக் றேஸ் (புரோகிராமின்ர நீளமான பிழை விபரம்) வேண்டாம். பெரிய எழுத்தில ஒரு இலக்கம், ஒரு தமிழ் வசனம். "பிழை 21: டிஸ்க்கில எழுத ஏலாது. பில் போட வேண்டாம்." 1 மணிக்கூடு, 2 டிஸ்க், 3 டேற்றாபேஸ், 4 பிறின்ரர், 5 இன்ரநெற் லைன் எண்டு முதல் இலக்கத்தைப் பிரிச்சால் போனில கேட்டவுடன எங்க எண்டு தெரியும். 4க்கும் 5க்கும் விற்பனையை நிப்பாட்டக்கூடாது. பிறின்ரரிட்ட நிலை கேட்டால் சில மலிவுச் சாமான் பதிலே சொல்லாது. ஒரு செக்கனில கைவிட்டு "தெரியாது" எண்டு பதியுங்கோ, "கடதாசி இல்லை" எண்டு முடிவெடுக்க வேண்டாம்.

பனங்கொட்டை:
நன்றி அண்ணை. பழுதான நேரத்தில திரும்ப எடுக்க, .டிபி கோப்பை இரவில கொப்பி பண்ணி வைச்சால் காணுமோ?

ஒற்றைப்பனை:
வால் (WAL, மாற்றங்களை முதல்ல தனிக் கோப்பில எழுதிற) முறையில ஓடுதெண்டால் காணாது. கடைசி பில்லுகள் பக்கத்தில இருக்கிற -வால் கோப்பில நிக்கலாம். முழுப் பிரதி எடுக்கிற வக்கூம் இன்ரூ கட்டளையைப் பாவியுங்கோ (எஸ்கியூலைட் 3.27இல இருந்து உண்டு), வந்த பிரதியிலயே இன்ரெக்ரிற்றி_செக்கை ஓட்டுங்கோ.

இன்னொண்டு, சோதனைகளையும் சோதியுங்கோ. ஒரு பிரதிக் கோப்பின்ர நடுவில சில பைற்றை மாத்தி, மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி, சின்னப் பார்ட்டிஷனை நிரப்பி, எந்த இலக்கம் வருதெண்டு பாருங்கோ. பச்சை காட்டினால் அந்தச் சோதனை பிழை.