டோர் வலையமைப்பில் கார்னகி மெலன் செய்தது ஆய்வா, வேவா?

வடகரை எழுதியது:

இணையக் குற்ற ஆய்வில் ஈடுபடும் பல்கலைக்கழகங்கள் எந்த எல்லை வரை போகலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2014-இல் டோர் வலையமைப்பில் நடத்திய ஆய்வு ஒரு துரோகமாகவே சித்திரிக்கப்படுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோர் என்பது பயனரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) மறைத்து, அவருடைய தரவைத் தன்னார்வலர்கள் இயக்கும் ரிலே கணினிகள் வழியாகக் கடத்தும் வலையமைப்பு. 2014 ஜனவரி 30 முதல் ஜூலை 4 வரை அதற்குள் 115 ரிலேக்கள் ஒரே கையால் இயக்கப்பட்டு, டோர் வழியாக மட்டுமே அணுகக்கூடிய மறைநிலைத் தளங்களுக்குச் செல்வோரை அடையாளம் காண முயன்றன என்று டோர் திட்டத்தினர் அந்த ஜூலை இறுதியில் அறிவித்தார்கள். கார்னகி மெலன் ஆய்வாளர்கள் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதையொட்டி ஆற்றவிருந்த உரை, நிறுவனத்தின் ஒப்புதல் இல்லை என்று சொல்லி ரத்துசெய்யப்பட்டது. நவம்பரில் சில்க் ரோடு 2.0 என்ற போதைப்பொருள் சந்தை முடக்கப்பட்டது. அதன் நிர்வாகிகளுள் ஒருவர்மீது சியாட்டிலில் நடந்த வழக்கில், அவருடைய ஐபி முகவரியைக் கண்டறிந்தது அப்பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனமே என்றும், அந்த ஆய்வுக்குப் பாதுகாப்புத் துறை நிதியளித்தது என்றும், சட்ட அமலாக்கத் துறையினர் அந்த முகவரியைச் சப்பீனா (தகவலைத் தருமாறு கட்டாயப்படுத்தும் சட்ட ஆணை) மூலம் பெற்றார்கள் என்றும் 2016 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணை கூறியது.

டோரில் எவர் வேண்டுமானாலும் ரிலே இயக்கலாம். முன்பின் அறியாதவருடைய கணினியிடம் தன் முகவரியை ஒப்படைப்பவர், அந்த முகவரி ரகசியமாகவே இருக்கும் என எதிர்பார்க்க முடியாது என்பதுதான் நீதிபதியின் நிலைப்பாடும். சப்பீனா வந்தபின் கொடுக்க மறுக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு வழியும் இல்லை. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

இரவுப்பணி எழுதியது:

வடகரை அவர்கள் ரிலே இயக்குவதையும் ரிலேவைக் கொண்டு தாக்குவதையும் ஒன்றாக்கிப் பேசுகிறார். நான் வலையமைப்புப் பாதுகாப்பில் பணிபுரிபவன் என்பதால், அந்த ரிலேக்கள் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

டோரில் தரவு ஒரே அளவிலான சிறு பொதிகளாகச் செல்கிறது. அவற்றுள் 'ரிலே' என்றும் 'ரிலே எர்லி' என்றும் இரு வகைகள் உண்டு. பின்னது, யாரும் வரம்பின்றி நீளமான தடங்களை அமைத்துவிடாதபடி தடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. அது பயனரிடமிருந்து வெளியே செல்ல வேண்டியதே தவிர, பயனரை நோக்கித் திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. ஆனால் திரும்பி வரும் திசையில் அதைச் சரிபார்க்கும் நிரல் அன்றைய மென்பொருளில் இல்லை. தாக்கியவர்கள் அந்த ஓட்டையைப் பயன்படுத்தினார்கள். மறைநிலைத் தளங்களின் விவரக் கோப்புகளைத் தரும் இடத்தில் இருந்த அவர்களுடைய ரிலே, இரு வகைப் பொதிகளையும் பூஜ்யமும் ஒன்றும்போல மாற்றி மாற்றி அனுப்பி, பயனர் கேட்ட தளத்தின் பெயரையே குறியீடாகத் திருப்பி அனுப்பியது. பயனர் முதலில் இணையும் வாயில் ரிலேவும் அவர்களுடையதாக அமைந்துவிட்டால், எந்த முகவரி எந்தத் தளத்தைத் தேடியது என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். டோரின் வாயில் ரிலேக்களின் மொத்தத் திறனில் ஏறத்தாழ 6.4 விழுக்காடு அவர்கள் வசம் இருந்தது.

இதை வெறும் கவனிப்பு என்று எப்படிச் சொல்வது? மேலும், ரிலேக்களுக்கிடையிலான இணைப்பின் குறியாக்கத்தைத் தவிர அந்தக் குறியீட்டுக்கு வேறு மறைப்பு இல்லை. அந்த ஐந்து மாதப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கும் வேறொரு அரசோ கும்பலோ, பிற்காலத்தில் அந்தக் குறியாக்கத்தை உடைத்தால் அதைப் படித்து அதே பயனர்களை அடையாளம் காண முடியும். டோர் திட்டத்தின் அறிவிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. போதைப்பொருள் வணிகரைப் பிடிக்கப் போய், அந்நாட்களில் மறைநிலைத் தளம் ஒன்றைத் தேடிய பத்திரிகையாளரின் தடயத்தையும் தெருவில் போட்டுவிட்டார்கள்.

பழையதாள் எழுதியது:

எண்மச் சான்றுகள் தொடர்பான வழக்குகளைக் கவனித்துவரும் வழக்கறிஞர் என்ற முறையில் என்னுடைய கவலை வேறு. சியாட்டில் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்பு அந்த ஆய்வு முறையின் விவரங்களைக் கேட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. தடயவியல் என்று பெயர் வைத்துக்கொள்ளும் எதுவும் எதிர்த்தரப்பு வல்லுநர் ஒருவரால் மீண்டும் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டாமா? டகோமா நீதிமன்றத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களைப் பகிர்ந்த பிளேபென் என்ற மறைநிலைத் தளம் தொடர்பான வழக்கு ஒன்றில், எஃப்.பி.ஐ. பயன்படுத்திய ஊடுருவல் நிரலைக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது, அதைக் காட்டுவதைவிட வழக்கையே கைவிடுவது மேல் என்று 2017 மார்ச்சில் அரசுத் தரப்பு பின்வாங்கியது. ரகசிய முறையால் கிடைத்த சான்று குற்றவாளியைத் தப்பவிடவும் கூடும் என்பதை வடகரை ஐயா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

(எஃப்.பி.ஐ. குறைந்தது 10 லட்சம் டாலர் கொடுத்தது என்று டோர் திட்டம் குற்றஞ்சாட்டியதும், எஃப்.பி.ஐ. அதை மறுத்ததும் இந்த விவாதத்துக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. பணம் கைமாறாவிட்டாலும் கேள்வி அப்படியே இருக்கிறது.)

வடகரை எழுதியது:

இருவருடைய அளவுகோலையும் மற்ற ஆய்வுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2009-இல் சாண்டா பார்பரா கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் டார்பிக் என்ற போட்நெட்டை (தீநிரலால் கைப்பற்றப்பட்டு ஒரே இடத்திலிருந்து இயக்கப்படும் கணினிகளின் கூட்டத்தை) பத்து நாள்கள் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 கணினிகளிலிருந்து திருடப்பட்ட 70 ஜிபி தரவு, வங்கிக் கடவுச்சொற்கள் உட்பட, அவர்களுடைய சர்வருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஸ்டார்ம் போட்நெட் அனுப்பிய சுமார் 35 கோடி குப்பை மின்னஞ்சல்களில் வேறு ஆய்வாளர்கள் தங்கள் போலி மருந்துக் கடையின் இணைப்பைச் செருகினார்கள். இவற்றை முன்மாதிரி ஆய்வுகள் என்று வகுப்பில் நடத்துகிறோம். டோர் மட்டும் தீண்டத்தகாததா?

இரவுப்பணி எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டுகள், ஆனால் அவை என் பக்கம்தான் பேசுகின்றன. டார்பிக் குழு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீங்கு கூடாதபடி இயக்குவது, அவர்களுக்குத் தகவல் தருவதற்குப் போதுமான அளவே திரட்டுவது என்ற நெறிகளை முதலில் வகுத்துக்கொண்டு, வங்கிகளுடனும் புலனாய்வு அமைப்புகளுடனும் இணைந்து செயல்பட்டது. ஸ்டார்ம் ஆய்வில், எப்படியும் போகவிருந்த மின்னஞ்சலின் இணைப்பு மட்டுமே மாறியது. மருந்து வாங்க முனைந்தவரிடம் பணம் பெறப்படவில்லை, கடைசியில் பிழைச் செய்தியே வந்தது. 35 கோடிக்கு 28 பேர் மட்டுமே வாங்க வந்தார்கள் என்ற முடிவு, குப்பை மின்னஞ்சலின் பொருளாதாரத்தைப் பற்றிய நம் அறிவையே மாற்றியது. இரு குழுவினரும் செய்முறையை அச்சில் வைத்து, எவரும் குறைகூறலாம் என்று திறந்துவிட்டார்கள். கார்னகி மெலன் ஆய்விலிருந்து நமக்குக் கிடைத்த கட்டுரை எது?

வடகரை எழுதியது:

அந்த மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1984 முதலே பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கும் ஆய்வு மையம். பெயரில் பல்கலைக்கழகம் இருப்பதால் அதனிடம் கல்விப்புல நெறிமுறையை எதிர்பார்ப்பது நம் பிழை. அத்துடன், அந்தத் தாக்குதல் நடந்திராவிட்டால் டோர் அந்த ஓட்டையை அடைத்திருக்குமா?

பழையதாள் எழுதியது:

1988-இல் மோரிஸ் புழு என்ற தானே பரவும் தீநிரல் இணையத்தில் பரவிய பிறகு, ஓட்டைகளை உரியவரிடம் தெரிவித்து ஒருங்கிணைப்பதற்காகவே செர்ட் (CERT) என்ற கணினிப் பாதுகாப்பு மையம் நிறுவப்பட்டது. அது இருப்பதும் இதே நிறுவனத்தில்தான். பாதுகாப்புத் துறையின் பணம் அந்தக் கடமையை ரத்துசெய்துவிடுமா?

இரவுப்பணி எழுதியது:

ஓட்டை அடைபட்ட கதையும் வடகரை சொல்வதுபோல இல்லை. மாநாட்டு உரையைப் பற்றிக் கேள்விப்பட்ட டோர் திட்டத்தினர் பல மாதங்கள் அந்த ஆய்வாளர்களைக் கேட்டுக் கேட்டு, ரிலே எர்லி பொதிகளைப் பற்றிய சில குறிப்புகளை மட்டும் பெற்றார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு தேடித்தான் ஜூலை 4 அன்று 115 ரிலேக்களையும் அகற்றினார்கள். அந்தக் குறிப்புகளும் வராமல் போயிருந்தால், எத்தனை காலம் தேடியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.