புதுப்பிப்பு: இபிசாவில் சத்தமில்லாத ஐந்து நாள்

இரவு நடன விடுதிகளுக்குப் பேர்போன ஸ்பெயின் தீவு இபிசா; அந்த விடுதிகள் பக்கமே போகாமல் அங்கே ஐந்து நாளைக் கழிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்டோபரில் போய் வந்தோம். தாராளமாக முடியும்!

மனதில் நிற்பது செஸ் சலினெஸ் உப்பளம்தான். பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்திலிருந்தே உப்பு விளையும் இடம். விடிந்ததும் போனோம், பாத்திகளில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம். தள்ளித்தான் நிற்கும், பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

டால்ட் விலா, 16-ஆம் நூற்றாண்டு மதில் சூழ்ந்த பழைய நகரம். 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏற்றம் அதிகம், நல்ல செருப்போடு போங்கள். அப்புறம் சாயங்காலம் காலா டோர்ட் கடற்கரை: எதிரே கடலில் எஸ் வெத்ரா பாறை, அலைச் சத்தம் மட்டும். அங்கே இரண்டு மாலை உட்கார்ந்திருந்தோம். பக்கத்துத் தீவான ஃபோர்மென்டெராவுக்குப் படகில் அரை மணிதான். அது அடுத்த முறைக்கு.