இரத்த அழுத்தம் சீரானபின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஐம்பத்திரண்டு வயதான என் அண்ணனுக்கு 160/100 இருந்த இரத்த அழுத்தம், அம்லோடிபின் எடுக்கத் தொடங்கியபின் 128/82-க்கு வந்துவிட்டதால், இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். இது சரிதானா?

பதில் 1: தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். அழுத்தம் குறைந்திருப்பதே மாத்திரையின் பலனால்தான். மருத்துவரைக் கேட்காமல் விட்டால், அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் மீண்டும் ஏறி, பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும்.

பதில் 2: உப்பையும் கவனியுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பிலும் சோடியம்தான் இருக்கிறது.

பதில் 3: வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். செலவுதான் தயக்கமென்றால், தமிழ்நாட்டில் 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.