பாஸாவ் – வியன்னா டான்யூப் பாதை: 9 வயது, 4 வயதுப் பிள்ளைகளோடு ஜூன் மழையில் எப்படித் திட்டமிடுவது?

கவின்மலர்:

வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் கரையோரமாக சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, 24 இஞ்ச் கியர் சைக்கிள், நன்றாக ஓட்டுவாள். சின்னவனுக்கு 4, அவன் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வண்டியில். கையில் 10 நாள். கூடாரம் கிடையாது, விடுதிகளில்தான் தங்கல். வெயில், மழை, காற்று மூன்றும் ஒரே நாளில் வரும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிமீ வைக்கலாம்? எந்தக் கரை? மழை பிடித்துக்கொண்டால் ரயில் ஏற வழி உண்டா? டிரெய்லரை மாட்டப்போகும் சைக்கிளில் பின்பக்கம் த்ரூ ஆக்சில் (சக்கர மையத்துக்குள் ஊடுருவி ஃப்ரேமில் திருகும் தடித்த அச்சு). அதற்கு ஏதாவது தனியாக வாங்க வேண்டுமா?

ஆற்றோரம்:

மொத்தம் ஏறக்குறைய 325 கிமீ. 9 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 40 கிமீ சரியா இருக்கும், காற்று எதிரே வந்தா 30 போதும். 8 நாள் ஓட்டம், 2 நாள் கையிருப்புன்னு வைங்க. அந்த 2 நாளை வியன்னாவுக்குன்னு ஒதுக்கிடாதீங்க. எந்த ஊர்ல மழை பிடிக்குதோ அங்கேயே உட்காரத்தான் அது. அதனால முதல் இரண்டு இரவை மட்டும் உறுதியா பதிவு பண்ணிட்டு, மீதியெல்லாம் ரத்து செய்யக்கூடிய அறையாப் பாருங்க.

பாஸாவிலிருந்து ஷ்லோகன் 42, அங்கிருந்து ஓட்டன்ஸ்ஹைம் 40, பிறகு லின்ஸ் வழியா மௌட்ஹவுசன் 37, கிரைன் 37, மெல்க் 48. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிமீதான், ஆனா அதுதான் வாக்கௌ பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டமும் சின்ன ஊர்களுமா வரும், அவசரப்பட வேண்டாம். பிறகு டுல்ன் 45, வியன்னா 38. கிரைன் – மெல்க் நாள் நீளமாத் தெரிஞ்சா இப்ஸ்ல ஓர் இரவு தங்கிக்கலாம்.

ரயில் விஷயம்தான் முக்கியம். பாஸாவுக்கும் ஆஷாக்குக்கும் நடுவுல, 65 கிமீ, ஆற்றோரமா பயணிகள் ரயிலே கிடையாது. இரண்டு பக்கமும் செங்குத்தான காட்டு மலை. சீசன்ல பயணிகள் கப்பல் உண்டு, ஆனா தினமும் இருக்கும்னு நம்பாம அட்டவணை பாருங்க. ஓட்டன்ஸ்ஹைம் தொடங்கி லின்ஸ், மௌட்ஹவுசன், கிரைன், பொக்லார்ன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன்னு வரிசையா ஸ்டேஷன் இருக்கு. ஆக வானிலையைப் பார்த்துக் கிளம்ப வேண்டியது முதல் இரண்டு நாள்தான். பாஸாவ்ல இறங்கின அன்னைக்கு முன்னறிவிப்பு மோசமா இருந்தா அங்கேயே ஒரு நாள் கூட இருந்துட்டுப் போங்க.

கரை: பாஸாவிலிருந்து யோகன்ஸ்டைன் வரை வடகரை. அதுக்கப்புறம் நீடரான்னா வரைக்கும் அதே கரையில கார் இல்லாத பாதை, பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது. நீடரான்னா பாலத்துல தென்கரைக்கு வந்துடுங்க. ஷ்லோகன் வளைவுல வடகரைப் பாதை அறுந்துபோகும், படகுலதான் தாண்டணும். ஆறு பெருகினா படகு ஓடாது. கிரைனுக்கு அப்புறமும் மெல்க் வரைக்கும் தென்கரைதான் அமைதி.

மழை நின்னதும் ஆபத்து போயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். இன் ஆறு ஆல்ப்ஸ் மலையின் பனி உருகின தண்ணியையும் சேர்த்துக்கிட்டு பாஸாவ்லதான் டான்யூப்ல கலக்குது. மலையில பெய்த மழை தாமதமாத்தான் வந்து சேரும், அப்போ மேலே நீல வானமா இருக்கும். முதல்ல மூழ்குறது பாலத்துக்கு அடியில போற பாதைகள். 2013 ஜூன்லயும் 2024 ஜூன்லயும் பாஸாவ் பழைய ஊருக்குள்ளேயே தண்ணி வந்தது. தினம் காலையில நீர்மட்டத்தையும் வானிலையோட சேர்த்துப் பாருங்க. வடிஞ்ச பிறகு பாதையில படியிற வண்டல் எண்ணெய் மாதிரி வழுக்கும், அங்கே இறங்கித் தள்ளுங்க.

குடைராட்டினம்:

துணிமணி பற்றி நான் சொல்கிறேன். ஓட்டுகிறவர்களுக்கு வியர்க்கும், டிரெய்லரில் அசையாமல் இருக்கும் குழந்தைக்குக் குளிரும். இதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தொல்லை. ஜூன் முதல் பாதியில் குளிர்காற்று இறங்கி, மழை நாளில் பகலிலேயே 12 டிகிரி வரை போகும். பெரியவர்கள் மெல்லிய மழைச்சட்டையோடு மிதிக்கும் அதே நேரத்தில் சின்னவனுக்கு ஃப்ளீஸ், தொப்பி, கம்பளிக் காலுறை, கால்மேல் போர்வை வேண்டும். அரை மணிக்கொரு தரம் நிறுத்தி அவன் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லென்றிருந்தால் பரவாயில்லை, பிடரி சில்லென்றிருந்தால் இன்னொரு அடுக்கு போட வேண்டும்.

மழை மூடியை முழுக்க இழுத்து மூடினால் உள்ளே மூச்சு ஈரம் படிந்து மழையில் நனைந்ததுபோலவே ஆகிவிடும். பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். வெயில் வந்ததும் அந்த மூடியை உடனே எடுங்கள், பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

பெரியவளுக்கு பொன்சோ வேண்டாம். காற்றில் உப்பும், சக்கரத்தில் சிக்கும். மழைச்சட்டை, மழைக் கால்சட்டை இரண்டும் தனித்தனியாக வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் போட வேண்டாம், நனைந்தால் காயாது. முதலில் விறைப்பது விரல்தான். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. இரண்டு ஜோடி கையுறை எடுத்துப்போங்கள்.

ஆஸ்திரியாவில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாலும்தான். பின்பக்கம் புடைத்த ஹெல்மெட் சீட்டில் இடித்து தலையை முன்னுக்குத் தள்ளும், தூங்கும்போது கழுத்து வலிக்கும். பின்பக்கம் தட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள்.

இடி மின்னல்: மௌட்ஹவுசனுக்கு அப்பாலும் டுல்ன் சமவெளியிலும் பாதை வெள்ளத்தடுப்புக் கரைமேல் போகும். சுற்றிலும் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் கரையைவிட்டு இறங்கி ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் மாலையில் வரும். காலை 8 மணிக்குக் கிளம்பி 2 மணிக்குள் ஊர் சேர்வதுபோல் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை இல்லை.

செயின்கவர்:

த்ரூ ஆக்சில் கேள்விக்கு: டிரெய்லர் கொக்கி பின்சக்கரத்தின் இடப்பக்கம் வரும். அதுக்கு நீளம் கூடின தனி ஆக்சில் வாங்கணும். 12 மிமீன்னு மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. மரை (திருகுப் பள்ளம்) இடைவெளி 1.0, 1.5, 1.75 மிமீன்னு மூணு விதம் உண்டு, நீளமும் சைக்கிளுக்கு சைக்கிள் மாறும். இப்ப இருக்கிற ஆக்சிலைக் கழற்றினா பெரும்பாலும் அதுமேலயே அளவு பொறிச்சிருக்கும். மரை மாறினதை முறுக்கி ஏத்தினா ஃப்ரேமோட மரையே போயிடும். டிரெய்லரோட பாதுகாப்புப் பட்டையை ஃப்ரேமைச் சுத்தி மாட்டாம ஒரு அடிகூட நகர வேண்டாம்.

அடுத்தது பிரேக். டிரெய்லர், பிள்ளை, சாமான் எல்லாம் சேர்ந்து 40 கிலோ கூடுது. ஈர மண்ணுல ஆர்கானிக் (ரெசின்) பிரேக் பேட் சட்டுனு தேயும். உலோகத்தூளால் ஆன சின்டர்டு பேட் அதிக நாள் வரும், ஆனா சில பிரேக் டிஸ்க்ல 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு பொறிச்சிருக்கும், அதுல சின்டர்டு போடக்கூடாது. எதுவானாலும் ஒரு ஜோடி உபரி பையில இருக்கட்டும், 1 மிமீக்குக் கீழே போனா மாத்திடுங்க.

டிரெய்லர் சக்கரத்துக்கு 20 இஞ்ச் ட்யூப், மகள் சைக்கிளுக்கு 24, உங்களுக்கு உங்க அளவு, ஒவ்வொண்ணுல ஒண்ணு. வால்வு மூணுலயும் ஒரே மாதிரி இருக்காது, பம்ப் எல்லாத்துக்கும் பொருந்துதான்னு வீட்டிலேயே அடிச்சுப் பாருங்க. டிரெய்லர் இழுக்கிற சைக்கிளோட பின் மட்கார்டுல தரைக்கு ஒரு சாண் மேலே வரை ரப்பர் மடல் தொங்கணும். இல்லாட்டி சேறு முழுக்க பிள்ளை முகத்துக்குத்தான். மழை நாள் சாயங்காலம் செயினைத் துணியால துடைச்சு, ஈரத்துக்கான ஆயில் விட்டு, மறுபடி வெளிப்பக்கம் துடைச்சிடுங்க. லின்ஸ்ல டிராம் தண்டவாளத்தை நேர் குறுக்கா கடக்கச் சொல்லி மகளுக்கு முன்கூட்டியே பழக்குங்க.

கவின்மலர்:

மூவருக்கும் நன்றி. ரயிலில் டிரெய்லரை ஏற்ற விடுவார்களா?

ஆற்றோரம்:

மடிச்சு, சக்கரத்தைக் கழற்றி சாமானா ஏத்திடுங்க, அதுதான் சிக்கல் இல்லாத வழி. மடிக்க எவ்வளவு நேரமாகுதுன்னு வீட்டில் ஒரு தடவை செஞ்சு பாருங்க. ரயில்ஜெட்ங்கிற விரைவு ரயில்ல சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், அதனால திடீர் மழைக்கு அது உதவாது. ரெக்ஸ், எஸ்-பான்ங்கிற உள்ளூர் வண்டிகளில் முன்பதிவு வேண்டாம், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து, இடம் இருந்தா ஏறலாம். மழை நாள்ல எல்லா சைக்கிள்காரரும் அதே வண்டிக்குத்தான் வருவாங்க. இடம் பத்தலைன்னா ஒருத்தர் பிள்ளைகளோட முதல் வண்டியில, இன்னொருத்தர் மீதி சைக்கிளோட அடுத்ததுல. இன்னொண்ணு: ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். கார்பஸ் கிறிஸ்டிங்கிற கத்தோலிக்கத் திருநாள் விடுமுறையும் சில வருஷம் ஜூன் மாச வியாழக்கிழமையில வரும். முந்தின நாளே ரொட்டி, பழம், சீஸ் வாங்கிப் பையில போட்டுக்குங்க.